கயிற்றை இழுப்பதற்கு முன்

வெள்ளி, ஹட்டன்

அடுத்த வருஷம் அமெரிக்காவின் யூட்டாவுக்கு, குறுகலான பாறை இடுக்குகளில் இறங்கப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்த மாதம் என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் பள்ளிக்கூட ஆசிரியை; எனக்கு நீண்ட விடுமுறை என்றால் ஓகஸ்ட்தான். சோல்ட் லேக் சிட்டியில் தாதியாக இருக்கும் அக்காவுக்கும், பெரியம்மா மகள், ஓகஸ்ட்தான் வசதி. தம்பி வேலை செய்யும் கடையில் எந்த மாதம் லீவு கேட்டாலும் முதலாளிக்கு முகம் கோணும், ஆகவே அவனுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். ஓகஸ்ட் கூடவே கூடாது என்று நிற்பவர் அத்தான் ஒருவர். அந்தப் பாறை இடுக்குகளுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கப்போகிறவரும் அவர்தான் என்பதால் அந்த ஒற்றை வாக்குக்குக் கனம் கொஞ்சம் அதிகம்.

அத்தான் கொட்டகலையில் பிறந்து வளர்ந்தவர். சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்த மனிதர் பெட்டியில் சொக்லேட்டுக்குக் கீழே 60 மீட்டர் கயிறு, இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், ஹெல்மெட் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். கயிற்றைப் பார்த்த அம்மா, "இதெல்லாம் என்னத்துக்கு மாப்பிள்ளை? எங்களுக்கிட்டதான் மாடு இல்லையே" என்றார். பலகாரம் தீர்வதற்குள் நம் மலைகளிலேயே கொஞ்சம் பழகிவிட்டுப் போகலாம் என்பது அவர் ஏற்பாடு. அதைத்தான் நாளுக்கு நாள் எழுதப்போகிறேன்.

முதலில் போகப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு யூட்டாவும் வடக்கு அரிசோனாவும் சேர்ந்த கொலராடோ மேட்டுநிலத்தில் நவாஹோ மணற்கல் என்று ஒரு பாறைப் படுகை உண்டு. 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பாலைவன மணல்மேடாக இருந்து கல்லானது. அந்தக் கல்லைத் திடீர் வெள்ளம் மணலோடு சேர்ந்து அராவி, அகலம் இல்லாமல் ஆழமாக மட்டும் அறுத்துவிடுகிறது. எஸ்கலான்டே ஊர்ப்பக்கம் ஸ்பூக்கி என்ற இடுக்கில் சில இடங்களில் அகலம் 25 சென்டிமீட்டர் அளவுதான். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கவேண்டும். பக்ஸ்கின் கல்ச் இதற்கு நேர்மாறு. அதன் இடுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, வழியில் மேலே ஏறி வெளியேற நடுவில் ஒரே ஒரு இடம்.

படம் பார்த்தால் எல்லாம் ஆரஞ்சும் ஊதாவுமாக அழகு. படத்தில் வானம் எங்கே தெரிகிறது என்று தேடிப்பார் என்றார் அத்தான். ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மழை வருமா வராதா என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அவருடைய ஓகஸ்ட் வழக்கின் முதல் வாதம் அது.

சனி, கித்துல்கல

காலை ஆறரைக்குக் கிளம்பி கினிகத்தேனை வழியாக இறங்கினோம். இறங்க இறங்கக் குளிர் கழன்று, கித்துல்கலையில் வியர்க்கத் தொடங்கிவிட்டது. தம்பியின் கூட்டாளி ஒருவர் இங்கே வெள்ளைக்காரர்களை ஓடைக்குள் இறக்கும் வேலை செய்கிறார். அவர்தான் இன்றைக்கு முன்னால் போனார்.

களனி ஆற்றில் வந்து விழும் கிளை ஓடை ஒன்று. பாறையில் சறுக்கி மடுவில் விழுவது, குதிப்பது, சின்ன அருவியில் கயிற்றில் இறங்குவது. தம்பி முதல் குதியிலேயே கத்திய கத்தில் காட்டில் இருந்த பறவை எல்லாம் எழும்பிவிட்டது. நம் மலைப்பாறை எவ்வளவு வழுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாசியும் தண்ணீரும் சேர்ந்தால் சப்பாத்து இருந்தும் இல்லாததுதான். மணற்கல் அப்படி இல்லையாம். உப்புத்தாள் போலப் பிடிக்குமாம், பதிலுக்கு முழங்கை, காற்சட்டை, பை எல்லாவற்றையும் தேய்த்துக் கிழித்துவிடுமாம். ஒரே இடத்தில் கயிறு உரசி உரசி அந்தப் பாறையில் வாய்க்கால் மாதிரி வெட்டு விழுந்துவிடும், இழுக்கும் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். மழையில் ஊறிய மணற்கல் உறுதி குறைந்துவிடும், அதனால் நன்றாகக் காயும்வரை அதில் ஏறவோ பாரம் போடவோ கூடாது.

அமெரிக்காவில் இந்த இடுக்குகளுக்கு ஒரு தரக்குறியீடு போடுகிறார்கள். 3B II என்று எழுதியிருந்தால் முதல் எண் கயிற்று வேலை, 1 முதல் 4 வரை. 3 என்றால் கயிறு இல்லாமல் இறங்க முடியாது. எழுத்து தண்ணீரைச் சொல்கிறது: A என்றால் உலர்ந்தது அல்லது கணுக்கால் அளவு, B என்றால் நீந்தவேண்டிய அளவுக்குத் தேங்கிய நீர், C என்றால் ஓடும் நீர். கடைசி ரோம எண் நேரத்தைக் காட்டும். I சில மணித்தியாலம், VI பல நாள். இன்றைக்கு நாங்கள் இறங்கிய ஓடைக்கு எழுத்து போட்டால் C. யூட்டாவில் நாங்கள் போகக்கூடியவை A அல்லது B.

"அப்ப அது லேசுதானே மச்சான்?" என்றான் தம்பி.

"ஓடுற தண்ணி தன்னைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கும்டா. இல்லாத தண்ணி எப்ப வரும்னு பாக்கிறதுதான் அங்க வேலை."

பதினொரு மணிக்கு மேல் அத்தான் ஒரு விதி போட்டார். இந்த ஓடையின் இரண்டு பக்கமும் காடு. எங்கே பயந்தாலும் வேரைப் பிடித்து ஏறினால் பத்து நிமிஷத்தில் ஒற்றையடிப் பாதை, அப்பால் ரப்பர் தோட்டம், யாராவது ஒரு அண்ணன் கத்தியோடு நிற்பார். அந்தப் பக்கங்கள் இரண்டும் இல்லை, செங்குத்துச் சுவர் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை இறங்கவேண்டும். யாராவது பக்கத்தில் கை வைத்தால் எல்லோரும் திரும்ப மேலேயிருந்து.

இந்த விளையாட்டு பதினைந்து நிமிஷத்தில் விளையாட்டாக இல்லாமல் போனது. முதல் அருவியில் இறங்கியதும் கயிற்றை இழுத்து எடுக்கவேண்டும், அடுத்த இறக்கத்துக்கு வேறு கயிறு கிடையாது. இழுத்துவிட்டால் மேலே போக வழி போயிற்று. முன்னால் மட்டும்தான் போகலாம். இதை வாயால் சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. கயிற்றின் நுனி வளையத்தை விட்டுக் கழன்று சளக்கென்று தண்ணீரில் விழுந்த பிறகு கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. கூட்டாளிகூட, தினமும் இதே ஓடையில் இறங்குகிறவர், "நான் இப்படி யோசிச்சதில்ல அண்ணே" என்றார்.

அதனால் இழுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளை அத்தான் மனப்பாடம் செய்யவைத்தார். எல்லோரும் இறங்கிவிட்டோமா. அடுத்த இறக்கம் எத்தனை மீட்டர், கையில் உள்ள கயிறு போதுமா. கடைசி ஆள் இறங்குவதற்கு முன்னமே கீழேயிருந்து கொஞ்சம் இழுத்துப் பார்த்தோமா, ஓடுகிறதா மாட்டுகிறதா. நேரம் என்ன. வானம் என்ன. ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் கயிறு அங்கேயே தொங்கட்டும், திரும்பி ஏறிப் போ.

வீதிக்கு வந்தபோது களனி ஆறு காலையில் பார்த்ததைவிட ஒரு சாண் ஏறியிருந்தது. மழை ஒரு துளி இல்லை. மேலே லக்சபானாத் தொடரின் மின்நிலையங்கள் தண்ணீர் விடும் நேரத்தைப் பொறுத்து இங்கே மட்டம் மாறும். படகு விடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். காணாத இடத்திலிருந்து தண்ணீர் வரும் என்பது எங்களுக்குப் புதிய பாடம் இல்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை அணைகளுக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அணைக்காவது ஒரு காவல்காரர் இருக்கிறார்.

ஞாயிறு, வான் வண்டியில்

முழு நாளும் வீதி. ஹட்டனில் கூட்டாளியின் சாமான்களை இறக்கி, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை. டெவோன் அருவி நன்றாக விழுந்தது. சென் கிளயார் மெலிந்து தெரிந்தது; மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு அதை முழுசாகப் பார்ப்பது அபூர்வம். வெலிமடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். உறைப்பு தாங்காமல் அத்தான் இரண்டு பிளேன்டி குடித்தார். இத்தனை வருஷம் பனி நாட்டில் இருந்தால் நாக்கு அப்படித்தான் ஆகும்.

வானுக்குள் சாமான் பட்டியல் பேசினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீட்டர் குடிநீர். நிழலில் தேங்கிய மடுவில் வெயில் படவே படாது, வெளியே பாலைவனம் கொதித்தாலும் உள்ளே நடுங்கும். B எழுத்துள்ள இடத்துக்கு வெட்சூட் என்ற குளிர் தாங்கும் உடுப்பு இல்லாமல் போகக்கூடாது. கயிற்றைத் தாங்கப் பாறையில் ஏற்கெனவே கட்டியிருக்கும் நாடாப் பட்டையை நம்பக்கூடாது, வெயிலில் வெளுத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கட்டவேண்டும். கட்ட மரமோ ஆணியோ இல்லாத இடங்களில் பட்டையை ஒரு கல்லில் சுற்றி மணலுக்குள் புதைத்து அதன்மேல் கற்களை அடுக்குவார்களாம். கனமானவர்கள் முதலில் இறங்கி அதைச் சோதிப்பார்கள், அப்போது மேலே ஒருவர் காவலுக்குப் பிடித்துக்கொண்டிருப்பார். எடை குறைந்தவர் கடைசி. அந்தக் கடைசி ஆள் நான்தான் என்று ஒரே குரலில் தீர்ப்பாகிவிட்டது.

பிறகு பை விஷயம். பல இடுக்குகளில் மலத்தை அதற்கென்று விற்கும் பையில் கட்டித் திரும்பச் சுமந்துகொண்டு வரவேண்டும். தம்பி பண்டாரவளை வரைக்கும் பேசவில்லை.

திங்கள், தியலும

இந்த நாளைத்தான் அத்தான் எதிர்பார்த்திருந்தார். தியலும 220 மீட்டர். நாட்டில் பம்பரகந்தைக்கு அடுத்தது. வெல்லவாய வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் பார்ப்பது அதன் முகம் மட்டும்தான். நாங்கள் பூனாகலைப் பக்கமாக வந்து, மானா புல் கையை அறுக்க, மேல்தட்டுக்கு இறங்கினோம். அங்கே ஓடை படி படியாக விழுந்து, படிக்கு ஒரு தடாகம். கீழே வெல்லவாயச் சமவெளி புகைபோலக் கிடக்கிறது. முழு உயரத்துக்கும் கயிறு போட்டு இறக்குகிறவர்கள் இங்கே உண்டு. எங்களுக்கு வேண்டியது விளிம்பிலிருந்து தள்ளி, மேலே இருந்த தடாகங்கள்.

அந்தத் தடாகங்கள் உண்டான விதம் இதுதான். வெள்ளத்தில் வந்த கூழாங்கல் ஒரு சின்னக் குழியில் அகப்பட்டு, சுற்றிச் சுற்றி ஆட்டுக்கல்லில் குழவி மாதிரி அரைத்துக்கொண்டே இருக்கும். குழி தொட்டியாகும். யூட்டாவின் இடுக்குகளிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது, நம் பாறையைவிட மிக மென்மையான கல்லில். ஆனால் ஒரு வித்தியாசம், அதுதான் ஆளைக் கொல்வது. தியலுமவில் தொட்டி எப்போதும் நிரம்பி வழிகிறது, நீந்தி வந்து விளிம்பில் நெஞ்சை வைத்து ஏறிவிடலாம். அங்கே மழை பெய்த அன்று நிரம்பிய தொட்டி வாரக்கணக்கில் வற்றும். உள்ளே குதித்தால் தண்ணீர் கழுத்தளவு, வெளியேறும் விளிம்பு தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில், சுவர் நாலு பக்கமும் வழவழவென்று உட்பக்கம் வளைந்து. பின்னால் கயிற்றை இழுத்தாயிற்று. குளிர்.

வெளியேறும் வழிகளைப் பழகினோம். ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவது முதல் வழி. மூவரில் கனமான அத்தான் அடியில், தம்பி நடுவில், நான் மேலே. ஆழமில்லாத ஒரு தடாகத்தில், ஈரமில்லாத பாறை முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீருக்குள் நிற்கும் ஆளின் தோள் எவ்வளவு ஆடும் என்பது ஏறினால்தான் தெரியும். தம்பி சிரிக்கத் தொடங்கினால் மூவரும் தண்ணீருக்குள். இரண்டாவது வழி பை எறிவது. கெட்டித் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, விளிம்புக்கு அப்பால் எறியவேண்டும். அது மறுபக்கம் தொங்கும் பாரத்தில் இந்தப் பக்கம் ஒருவர் கயிற்றைப் பிடித்து ஏறிவிடலாம். ஒரு பை போதாது என்றால் அதே இடத்தில் இன்னொன்று. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு ஈர மணல் பையை எறிவது தோட்டத்தில் கொழுந்துக் கூடை தூக்கிய பரம்பரைக்கே பெரிய பாடாகத்தான் இருந்தது. என் பை பெரும்பாலும் அத்தான் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது.

சுற்றுலா வந்த கொழும்புப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, இது என்ன போட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். யூட்டாவில் குழிக்குள் விழுந்தால் வெளியே வருவதற்கு என்றேன். "விழாம இருக்க ஏலாதா?" என்றாள். நியாயமான கேள்வி.

ஒரு மணிக்கு மேற்கே வெள்ளை மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பியது. அத்தான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். இரண்டே காலுக்கு நாங்கள் பாதையில் இருக்கும்போது இடித்தது.

செவ்வாய், கொஸ்லந்தை

இடி நேற்று இரவு முழுதும் ஓயவில்லை. இன்று ஓடைக்குப் போகவில்லை. தங்கிய வீட்டு முன் விறாந்தையில் உட்கார்ந்து ஓகஸ்ட் வழக்கை முடித்தோம்.

இந்த ஊரில் மழையைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தணியும். பக்கத்தில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை இடம் மாற்றவேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்னமே எச்சரிக்கை வந்திருந்தது. இன்றைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் கவனம், 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு என்று படி வைத்திருக்கிறது. வீட்டுக்கார அம்மா அந்த எண்களைப் பெருக்கல் வாய்ப்பாடு போலச் சொல்கிறார்.

அத்தான் தன் பக்கத்துப் படிகளைச் சொன்னார். அமெரிக்க வானிலைச் சேவை சயோன் தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்குத் தினமும் திடீர் வெள்ள நிலையை நான்கு சொல்லில் அறிவிக்கும்: எதிர்பார்ப்பு இல்லை, வரலாம், வரும் சாத்தியம் அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கலாம். 2015 செப்டெம்பர் 14 காலையில் சயோனில் மூன்றாவது சொல் இருந்தது. அன்றைக்கு அனுமதிச்சீட்டு வாங்கி கீஹோல் என்ற இடுக்கில் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவரும் திரும்பவில்லை. கீஹோல் கொடுமையான இடம் இல்லை. குறுகியது, இறக்கங்கள் சின்னவை, புதிதாகப் பழகுகிறவர்கள் விரும்பிப் போவது. எங்கள் பட்டியலிலும் அது இருந்தது.

1997 ஓகஸ்ட் 12, அரிசோனாவின் அன்டிலோப் இடுக்கு. படங்களில் ஒளிக்கற்றை விழுமே, அதே அன்டிலோப்பின் கீழ்ப்பகுதி. பல கிலோமீட்டர் மேலே எங்கோ இடிமழை. அந்த நீர் வந்து 11 பேரை அடித்துக்கொண்டு போனது. அது நவாஹோ மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அன்றும் பயண நிறுவன வழிகாட்டி ஒருவர் கூட இருந்தார்.

"அவ்வளவு மழை பெய்யாத ஊர்ல எப்படி அவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன். பெய்யாத ஊர் என்பதால்தான் என்றார். இங்கே 75 மில்லிமீட்டர் வரைக்கும் மண்ணும் தேயிலைத் தூரும் காடும் கொஞ்சமாவது குடிக்கின்றன. அங்கே வெறும் பாறை. பெய்த துளியெல்லாம் அப்படியே வழிந்து ஒரு வாய்க்குள் சேர்ந்து, கை விரித்தால் தொடும் அகலத்துக்குள் பாய்கிறது. இடுக்குச் சுவரில் நம் தலைக்கு மேலே மரக்கட்டை குறுக்காகச் செருகி நிற்பதைப் பார்த்தால் போன வெள்ளம் எந்த உயரத்தில் போனது என்று விளங்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டெம்பர் வரை அங்கே பருவமழைக் காலம், பிற்பகல் இடி தினசரி. நாங்கள் பள்ளிக்கூட லீவைப் பார்த்துக் குறித்த மாதம் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நான் வாதாடினேன். காலையில் முதல் சொல் இருக்கும் நாளை மட்டும் பார்த்து இறங்கலாமே. இறங்கலாம், என்றார் அத்தான், அங்கேயே வாழ்கிற எனக்கு. பதினான்காயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, காசைக் கொட்டி, மூன்று நாள் காத்திருந்து, நான்காம் நாள் காலை இரண்டாவது சொல் வந்தால் நீ திரும்பி நடப்பியா? நான் யோசித்துப் பார்த்தேன். நடக்கமாட்டேன். ஓகஸ்ட் அத்தோடு விழுந்தது.

புதன், ஹட்டன்

வந்ததும் துணி காயப்போடுவதற்கு முன் பட்டியலைத் திருத்தினோம்.

ஜூன் நல்ல மாதம், அங்கே வருஷத்தில் மழை மிகக் குறைந்த மாதமும் அதுதான். ஆனால் தவணை நடுவில் எனக்கு லீவு தரமாட்டார்கள். மிச்சம் ஏப்ரல். ஏப்ரலில் பனி உருகிப் பெரிய ஆறுகள் ஏறும். சயோனில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நாரோஸ் இடுக்கு பெரும்பாலும் மூடியிருக்கும், அதில் ஓடும் வேர்ஜின் ஆறு விநாடிக்கு 150 கனஅடிக்கு மேல் ஓடினால் உள்ளே விடமாட்டார்கள். நாரோஸ் வெட்டு. தேங்கிய நீர் பனிக்கட்டிக் குளிராக இருக்கும், B எல்லாம் வெட்டு, கீஹோலும் அதோடு. சப்வே என்ற இடத்துக்கு ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி, அதிலும் குளிர்ந்த மடுக்கள், வெட்டு. தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது.

நின்றவை: எஸ்கலான்டேயில் பீக்-எ-பூ, ஸ்பூக்கி இரண்டும், கயிறு இல்லாமல். மழை பெய்தால் அங்கே போகும் மண்வீதியே சேறாகிவிடும், ஆகவே வீதி ஈரமாக இருந்தால் அன்றைக்குப் பயணமும் இல்லை. அப்புறம் ஹாங்ஸ்வில்லுக்குத் தெற்கே நோர்த் வாஷ் பகுதியில் லெப்ரகோன் இடுக்கு, 3A, கயிற்றோடு. பை எறிவதைப் பாடுபட்டுப் பழகியதற்கு அங்கே தொட்டி ஒன்றும் காத்திருக்கவில்லை. அதுபற்றி எனக்கு வருத்தம் இல்லை, தோள்பட்டைக்கும் இல்லை.

அம்மாவிடம் சித்திரை என்று சொன்னபோதுதான் உண்மையான சண்டை. வருஷப் பிறப்புக்குப் பிள்ளைகள் வீட்டில் இல்லாமல் என்ன வருஷப் பிறப்பு. பொங்கல் பொங்கி, கோயிலுக்குப் போய், கைவிசேஷம் வாங்கிய மறுநாள் விமானம் ஏறுவது என்று உடன்பாடு.

இரவு அக்காவுக்கு எழுதினேன். ஓகஸ்ட் இல்லை, சித்திரை. இந்த இந்த இடம், இந்த வரிசை. அவளுடைய பதில் உடனே வந்தது: "லீவு மாத்திக்கிறேன். ஆனா நான் உள்ள வரல." வெளியே இருப்பாளாம். 2003 ஏப்ரலில் புளூஜோன் இடுக்கில் பாறையில் கை சிக்கி ஐந்து நாள் கிடந்த ஆரன் ரால்ஸ்டன் எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போனவர். அக்கா தாதி, அந்தக் கதையை எங்களைவிட நன்றாக அறிவாள். எந்த இடுக்கு, எத்தனை மணிக்கு நுழைவோம், கார் எங்கே நிற்கும் என்று எழுதிய தாளோடு மோட்டலில் உட்கார்ந்திருப்பாள். இரவு எட்டு மணிக்குள் எங்கள் குரல் கேட்காவிட்டால் அந்த மாவட்டத்து ஷெரிப் அலுவலகத்துக்கு அழைப்பாள், தேடுதல் அவர்கள் பொறுப்பு. "எட்டு அஞ்சுக்கு நீங்க சிரிச்சிக்கிட்டு வந்தாலும் நான் கூப்பிட்டிருப்பேன், அத்தான்கிட்ட சொல்லு" என்று முடித்திருந்தாள். சொன்னேன். அத்தான் ஏழு என்று திருத்தச் சொன்னார்.

நாளைக்கு விசா விண்ணப்பத்தைத் தொடங்கவேண்டும். தம்பியின் கடவுச்சீட்டு வருகிற செப்டெம்பரோடு முடிகிறது என்று இப்போதுதான் சொல்கிறான். அதுதான் முதல் வேலை.